என்னைக்கோ போட்டாச்சு

பவுலைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவது என்று, காலைக் காப்பி ஆறுவதற்குள் ராஜதுரை முடிவு செய்துவிட்டார்.

குழுவின் பெயர் ‘முத்துநகர் படைப்பாளிகள்’. சமையல், மாடித் தோட்டம், கடல் என்று ஆளுக்கொரு வீடியோ போடுகிற நாற்பத்தோரு பேர் அதில் இருந்தார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். நீ எனக்கு லைக் போடு, நான் உனக்குப் போடுகிறேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் லாரிக்குப் பாரம் ஏற்றிவிட்டு ஓய்வு பெற்ற ராஜதுரைதான் அட்மின்.

அந்த மாதம் ஒரு செல்போன் செயலி தூத்துக்குடிக்காரர்களுக்கென்று வீடியோ போட்டி வைத்திருந்தது. கலந்துகொண்டதும் இந்த நாற்பத்தோரு பேர்தான். யாரும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். தனக்கே போட்டுக்கொள்வதற்கும் தடையில்லை. ஆனால், வீடியோ முழுக்க ஓடி முடிந்தால்தான் ஓட்டுப் பொத்தான் வரும். யாருக்கு யார் போட்டார்கள் என்பது கடைசி நாளில்தான் தெரியும். ஜெயித்தவருக்குச் சென்னையில் மேடை, பொன்னாடை.

ராஜதுரைக்குப் பொன்னாடை பெரிதில்லை. அதைச் சம்பந்தி நயினார் பார்க்க வேண்டும், அதுதான் பெரிது. நயினார் பேங்க் மேனேஜராக இருந்தவர். “வீடியோல்லாம் போடுதீங்களாமே” என்று போன மாதம் அவர் சிரித்த சிரிப்பு இவருக்கு இன்னும் செரிக்கவில்லை. ஜெயிக்கப் போவது நான்தான், மேடையில் வந்து பாருங்கள் என்று அந்தச் சூட்டிலேயே வாயை விட்டுவிட்டார்.

பாரத்துக்குக் கயிறு கட்டுவது எப்படி என்று பதினெட்டு நிமிஷ வீடியோ. குழுவில் போட்ட அரை நிமிஷத்தில் பதில்கள் வந்து விழுந்தன.

“போட்டாச்சு அண்ணாச்சி.”

“அருமை. போட்டாச்சு.”

“கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி. போட்டாச்சு.”

கயிற்றைப் பார்த்தா கண் கலங்கியது என்று கேட்டாள் மனைவி முருகேஸ்வரி. கலை என்றால் அப்படித்தான் என்றார் ராஜதுரை. பதிலுக்கு நாற்பது பேருக்கும் ‘போட்டாச்சு’ என்று எழுதி முடிக்க அவருக்கும் கால் மணி நேரம்தான் பிடித்தது.

தருவைகுளத்துப் பவுல் மட்டும் வேறு மாதிரி எழுதினான். படகுக்காரன், கடலில் எடுத்த வீடியோக்களைப் போடுகிறவன். “தங்கு கடலுக்குப் போறேன். வர எட்டு நாளாகும். வந்து பாத்துட்டு, நல்லாருந்தா போடுதேன் அண்ணாச்சி.”

நல்லாருந்தா! அந்த ஒரு வார்த்தை ராஜதுரையைக் குடைந்தது.

பவுல் இப்படிச் செய்வது முதல் தடவை இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மகளின் மறுவீட்டு விருந்தில், இலையில் வைத்த சீலா மீனைப் பார்த்து, “இது ஐஸ்ல ஒரு வாரம் கிடந்த மீனுல்லா அண்ணாச்சி, உங்களை ஏமாத்திட்டானுவ” என்று சொன்னவன். அதுவும் நயினாரின் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு. அதை ராஜதுரை ஒரு நாளும் மறந்ததில்லை.

எட்டாம் நாள், காப்பி டம்ளரை வைத்த கையோடு பவுலுக்குப் போன் போட்டார்.

“ஏலே பவுலு, உன் வீடியோவுக்கு நான் என்னைக்கோ போட்டாச்சு. நீ எனக்குப் போட்டியாலே?”

“இப்பத்தான் கரைக்கு வந்தேன். மீன் இறக்கிக்கிட்டிருக்கோம் அண்ணாச்சி. இன்னும் பாக்கலை.”

“போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை எழுதினா குறைஞ்சா போவே?”

“பாக்காம எப்படி எழுத?”

“மத்தவன்லாம் எழுதலையா?”

ராஜதுரை போனை வைத்தார், பவுலை நீக்கினார், ‘நன்றி மறந்தவர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று குழுவில் அறிவித்தார். முப்பத்தொன்பது கட்டைவிரல்கள் உடனே உயர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிவு வந்தது. முதலிடம், ராஜதுரை.

குழு கொண்டாடித் தீர்த்தது. ‘என் ஓட்டு வீண்போகலை அண்ணாச்சி’ என்று எழுதினார்கள். அதையே வேறு வேறு பூப் படங்களோடு முப்பத்தொன்பது பேரும் எழுதினார்கள். ராஜதுரை முதல் வேலையாகச் சம்பந்தியைக் கூப்பிட்டார்.

நயினார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “பரவாயில்லையே! மொத்தம் எத்தனை ஓட்டு?” என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று ராஜதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைத் திறந்தார்.

இரண்டு.

அவருக்குக் கீழே வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று. ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தால், போட்டதும் அவரவர்தான்.

“என்ன சம்பந்தி, எத்தனை?”

“நாப்பது” என்று சொல்லிப் போனை வைத்தார் ராஜதுரை.

எட்டிப் பார்த்த முருகேஸ்வரி, “ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு யாரு?” என்றாள்.

தன் பெயரில் இருந்த இரண்டை அமுக்கினார். தருவைகுளம் பவுல். குழுவிலிருந்து நீக்கிய அன்று சாயங்காலம் போட்ட ஓட்டு. கீழே இரண்டு வரியும் எழுதியிருந்தான்: ‘பதினாலாம் நிமிஷத்துல போடுத முடிச்சு நிக்காது அண்ணாச்சி, மாத்திருங்க. மத்ததெல்லாம் நல்லாருக்கு.’

ராஜதுரை அதை இரண்டு தடவை படித்தார்.

“அந்த மனுஷனுக்கு எத்தனை விழுந்திருக்குன்னு பாருங்களேன்” என்றாள் முருகேஸ்வரி.

பட்டியலின் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனார். நாற்பத்தோராவது பெயர், பவுல். தனக்குத் தானே போட்டுக்கொள்ளாத ஒரே ஆள்.

விழுந்திருந்த ஓட்டு சைபர், ராஜதுரை என்னைக்கோ போட்டதையும் சேர்த்து.