முதல் வரியில் ஒரு பெயர்

“மேல என் பேரு பெரிசா வரட்டும். அதுக்குக் கீழ ‘கைராசிக்காரர், இவர் சேர்த்து வைத்த ஜோடிகள் எல்லாம் சந்தோஷமாக வாழ்கின்றனர்’னு போடும்மா.”

கல்யாணத் தரகர் கலியமூர்த்தி சொல்லிக்கொண்டே வெற்றிலையை மடித்தார். அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அச்சகத்தில், நோட்டீஸுக்கான வாசகத்தை எழுதிக்கொள்ள நாகவல்லி பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தேவராஜ் நோட்டீஸின் முதல் வரிக்கான பெரிய ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

பென்சில் நகரவில்லை.

“எல்லாம்னா? நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“நான் எதுக்கும்மா போறேன்? தாலி ஏறிச்சா, கமிஷன வாங்கினனா, அடுத்த ஊட்டுக்குப் போய்கினே இருப்பேன். மூஞ்சி கூட நெனப்புல நிக்காது.”

“அப்ப சந்தோஷமா கீறாங்கன்னு எப்டித் தெரியும்?”

“இதுவரைக்கும் எவனும் சண்டைக்கு வரலியே.”

“சண்டைக்கு வர அட்ரஸு வேணும்ல. இப்பத்தான நோட்டீஸே அடிக்கறீங்க.”

கலியமூர்த்தி வெற்றிலையோடு கோபத்தையும் சேர்த்து மென்றார். பேப்பரில் வரன் விளம்பரத்தைப் பார்த்தே ஜனங்கள் கல்யாணத்தை முடித்துக்கொள்ளும் காலமாகிவிட்டது. தை பிறப்பதற்குள் இந்த நோட்டீஸைப் பார்த்து நாலு ஜாதகமாவது வராவிட்டால், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதாவது கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான்.

“சரி, அத்த வுடு. ‘நூம்பல் முதல் பட்டாபிராம் வரை, மாப்பிள்ளை வீட்டை நேரில் விசாரித்தே வரன் சொல்வார்.’ இத எழுது.”

“இன்னா விசாரிப்பீங்க? சொந்தத் தொழில், சொந்த ஊடுன்னு சொல்வீங்க. வந்து பார்த்தா ஒண்டுக்குடித்தனத்துல ஒரே ரூமா இருக்கும். தொழில்ல பாதி பொண்டாட்டி தலையில வுழும்.”

“யம்மா…”

“பையன் கலகலன்னு பேசுவான்னு வேற சொல்வீங்க. கட்டிகினப்புறம் அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தைய வாங்கறதுக்குள்ள ஒல கொதிச்சு அடங்கிடும்.”

“நான் நோட்டீஸு அடிக்க வந்தனா, கோர்ட்டுக்கு வந்தனா?” கலியமூர்த்தி தேவராஜ் பக்கம் திரும்பினார். “தம்பி, நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லேம்ப்பா.”

தேவராஜ் ஒரு ‘மூ’வை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஓரம் உடைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடினான்.

“செரி, கடைசியா ஒண்ணே ஒண்ணு. ‘பொய் பேசாதவர்.’ அதையாவது எழுது தாயே.”

நாகவல்லி பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டாள். “வேணாம் பெரியவரே. பென்சிலு முள்ளு ஒடிஞ்சிடும்.”

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“எத்தினி ஊடு ஏறி எறங்கிகீறேன், இந்த மாதிரி வாய எங்கயும் பார்த்ததில்ல. தம்பி, உன்ன நெனச்சாத்தான் பாவமா கீது. இதப் போய் வாயில்லாப் பூச்சின்னு சொல்லி உன் தலையில கட்டினானே ஒரு தரகன், எவன்ப்பா அவன்? பேரச் சொல்லு, போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்.”

தேவராஜ் அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.

“இருங்க அண்ணாத்தே, கடைசி எழுத்துதான் பாக்கி. அவர் பேரத்தான் மொத வரியில கோத்துகினு கீறேன்.”