ஒரு படி வோல்டேஜ்

"வீடு தேடி வந்தவகிட்ட முகம் கொடுத்துப் பேச நேரமில்லை. அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னம்மா குடையறே?"

நாத்தனாரின் குரலில் சூடு ஏறியிருந்தது.

மருமகள் நிமிரவில்லை. மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் அவளுக்குச் சமையல் கரண்டி மாதிரி.

"தோ, முடிஞ்சுடும் அண்ணி. பழைய மெஷின். பிராசஸர் வேகத்தைக் கூட்டியிருக்கேன். அதுக்குத் தகுந்த மாதிரி கரண்ட் தீனியும் கூட்டணும். கம்மியானா பாதியில நின்னுடும், அதிகமானா வெந்துடும்."

"எதுக்கு, கேம் ஆடறதுக்கா?"

"இல்லை அண்ணி..." என்று ஆரம்பித்தவள், திரை உறைந்து நின்றதைப் பார்த்து, "அட, போச்சு!" என்றாள்.

"உன் மாமனாரைப் பாரு. மூலையில பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கார்."

ஜன்னலோர நாற்காலியில் பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷக் காய்ச்சலில் காது முழுக்கப் போய்விட்டது. காது மிஷினும் கைகொடுக்கவில்லை. கேட்காதவனுக்குப் பேச்சு எதற்கு என்று வாயையும் மூடிக்கொண்டார்.

"அதனாலதான் காலையிலேயே தம்பிகிட்ட சொல்லிட்டேன். அப்பாவை நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னு."

மருமகள் முகம் வாடியது. அதைக் கேட்டுக் கணவன் கண் கலங்கியதையும், 'அக்கா மாதிரி வருமா' என்றதையும் அவளும்தான் பார்த்திருந்தாள். மெஷினை மறுபடி எழுப்பினாள்.

திரை 1.28 வோல்ட் என்றது. அவள் அதை நம்பவில்லை. மீட்டரின் கறுப்பு ஒயர் முனையிலிருந்த முள்ளைக் கம்ப்யூட்டர் கூண்டின் இரும்பிலும், சிவப்பு முள்ளை பிராசஸர் பக்கத்தில் இருந்த பொட்டு அளவு புள்ளியிலும் வைத்தாள். மெஷினுக்கு வேலை கொடுத்ததும் மீட்டர் 1.21க்குச் சரிந்தது.

"சொல்றது ஒண்ணு, கொடுக்கறது ஒண்ணு," என்று முணுமுணுத்தாள்.

"யாரைச் சொல்றே?"

"போர்டைச் சொன்னேன் அண்ணி."

செட்டிங் பக்கத்துக்குப் போய் வோல்டேஜை ஒரு படி ஏற்றினாள். சின்ன மைக் ஒன்றை டீப்பாய் மேல் வைத்தாள். திரையை மாமனார் பக்கம் திருப்பி, ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டு, மறுபடி முட்களை வைத்தாள். இனிக் கை அசையக் கூடாது. முள் வழுக்கிப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டால் போர்டே காலி.

நாத்தனாரின் போன் அடித்தது. அவள் கணவர். அப்பாவுக்குக் காது கேட்காது, இவள் கேட்டால் கேட்கட்டும் என்று உட்கார்ந்தபடியே பேசினாள்.

"ஆமாங்க, சொல்லிட்டேன்... ஐயோ, நீங்க ஒண்ணு! நிஜமாவா கூட்டிக்கிட்டு வரப் போறேன்? நம்ம வீட்ல அவரை எங்கே வைக்கிறது? இவளுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும்னு சொன்னேன். தம்பி எப்படியும் விட மாட்டான்."

"அண்ணி... அண்ணி!" மருமகள் பதறினாள். தலையை ஆட்டினாள். இரண்டு கையும் முள்ளில்.

"இரும்மா, பேசிட்டிருக்கேன்ல!"

பேசி முடித்துத் திரும்பினால், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எழுத்துக் கூட்டுவது போல அசைந்தன.

நாத்தனார் எழுந்து சுற்றி வந்தாள். கட்டை விரல் பருமனில் எழுத்து.

'நம்ம வீட்ல அவரை எங்கே வைக்கிறது'

"ஐயோ!" என்றாள். அதுவும் திரையில் அடுத்த வரியாக விழுந்தது.

"பேசறதை எழுதிக் காட்டற புரோகிராம் அண்ணி," மருமகள் முட்களை மெல்ல எடுத்தாள். "போன்ல எழுத்து பொடிசா இருக்கு, அவருக்குத் தெரியலை. இந்த மெஷின்ல போட்டா, எழுத்து வர்றதுக்குள்ள நாம வேற பேச்சுக்குப் போயிடறோம். வேகம் கூட்டினா மாமாவும் நம்மளோட பேசலாமேன்னுதான்..."

மெஷின் இந்த முறை நிற்கவில்லை. அவள் சொன்னதும் சொல்லுக்குச் சொல் திரையில் வந்தது.

கீழே பைக் சத்தம்.

"தம்பி வந்துட்டான்," என்றாள் நாத்தனார். இதைப் படித்தால் இந்த ஜென்மத்துக்கு அவளிடம் பேச மாட்டான்.

மருமகள் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அணைக்காதேம்மா!"

இருவரும் திடுக்கிட்டார்கள். பெரியவரின் குரல் கரகரவென்று, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

"குளியலறைக் குழாய் சொட்டுது, யாராவது பார்த்தீங்களா? வாஷர் மாத்தணும். எதிர் வீட்டு நாய் வர வர என்னமா பெருத்துப் போச்சு! சோறு போடறாங்களா, காத்து அடிக்கிறாங்களா? அப்புறம் இந்த ஜன்னல் கொக்கி ஆடுது. நானும் எத்தனை நாளா பார்க்கறேன்..."

நிறுத்தவே இல்லை. மகள் வாயைப் பிளந்து நின்றாள். குழாயும் நாயும் கொக்கியும் ஒவ்வொரு வரியாகச் சேரச் சேர, மேலே இருந்த வரிகள் நகர்ந்து நகர்ந்து காணாமல் போயின.

கதவைத் திறந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா! நீங்களா பேசறீங்க?" ஓடி வந்து திரையைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவனுக்கு. "ஒரே குழாயும் நாயுமா இருக்கே! அக்கா ஒண்ணுமே பேசலையா?"

அவன் கேள்வி எழுத்தாகும் வரை பெரியவர் காத்திருந்தார். படித்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அவளை நான் எங்கேடா பேச விட்டேன்!"