நாற்காலிக்கு அடியில்

காலை வெயில் புல்தரையின் பாதிவரை வந்திருக்கிறது. அக்கா எருக்குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவளைப் போலக் கண்ணை மூடி நிற்கிறாள். சூடு இல்லை, எரு நன்றாக மக்கிவிட்டது. ஒரு பிடி அள்ளி, பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கும் தம்பியின் மூக்கருகே நீட்டுகிறாள். “மோந்து பாருடா. சாணி நாத்தம் அடிக்குதா?” அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூச்சை இழுக்கிறான், சுளிப்பு மெல்ல விலகுகிறது. “மழை பேஞ்ச மண்ணு மாதிரி இருக்குக்கா.” “கோடை முழுக்க மக்குனதுடா. இதைத் தூவுனா புல்லு கருகாது. எந்திரி, நாற்காலியை எடு.” ஒரு வருஷமாக அந்த நாற்காலி புல்தரையில் அந்த இடத்தை விட்டு அசைந்ததே இல்லை. “அந்த ஓரத்துல இருந்து ஆரம்பியேன்” என்று அவன் இழுக்கிறான். “எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?” அவன் எழுந்து நாற்காலியைத் தூக்குகிறான். போன வருஷம் அவசரப்பட்டு அவன் மக்காத கோழி எருவைக் கொட்டிய இடம், தாம்பாளம் அளவுக்குக் கருகிக் கிடக்கிறது. அக்கா குனிந்து, கையில் இருக்கும் முதல் பிடியை அங்கேயே உதிர்க்கிறாள். விரல்களுக்கிடையே அது பொலபொலவென்று விழுகிறது. தம்பி நாற்காலியோடு அப்படியே நிற்கிறான். “அதை உள்ள கொண்டுபோய்ப் போடு” என்கிறாள், நிமிராமலே. “ஒரு மழை பெய்யட்டும், கருகுனது எந்த இடம்னு நீயே தேடுவ.”