மூன்றாவது பூட்டு

அன்று மத்தியானம் ஸ்டேஷனில் இருந்தவர்கள் மூன்றே பேர். அதை மூட வந்த ரயில்வே குமாஸ்தா லாசரஸ், நிறம் போன காக்கிச் சட்டையில் போர்ட்டர் மருதப்பன், பிளாட்பாரத்தில் கோப்பிக்கடை போட்டிருக்கும் அவர் மனைவி மங்களம். அழுதது மங்களம் மட்டும்.

சிங்கப்பூரில் கிராஞ்சிக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு நடுவே, பலகையில் கட்டிய ஒற்றை அறை. ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை என்று ஐம்பத்தைந்திலேயே மூட உத்தரவாகிவிட்டது. இரண்டு வருஷமாகியும் ரயில் அங்கே நின்றுதான் போய்க்கொண்டிருந்தது.

முன்பு இதை மூட அனுப்பப்பட்டவர்கள் பயணப்படியை வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருப்பார்கள் என்பது லாசரஸின் முடிவு. இங்கே ரயில் நிற்பதை நிறுத்திவிட்டால் தலைமைக் குமாஸ்தா நாற்காலி அவருக்கு. துரை வாய்விட்டே சொல்லியிருந்தார்.

"வண்டி நிக்கலன்னா எங்க கடை படுத்துடும் சார்," என்றாள் மங்களம்.

"உத்தரவும்மா. நான் என்ன செய்ய?"

லாசரஸ் பையிலிருந்து அரக்கை எடுக்குமுன்பே மருதப்பன் எரியும் மெழுகுவத்தியை நீட்டினார். எங்கே என்று கேட்காமலே காகிதத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கொடி, விளக்கெல்லாம் எங்க?"

"அதெல்லாம் முன்னாடியே அனுப்பியாச்சு சார்."

விவரமான ஆள் என்று லாசரஸ் மெச்சிக்கொண்டார். தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, முத்திரை குத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு மணி வண்டி வந்து நின்றது. யாரும் கொடி காட்டவில்லை. தன்னை ஏற்றிக்கொள்ளத்தான் நிற்கிறது என்று நினைத்து, லாசரஸ் எஞ்சினை ஒட்டிய பெட்டியில் ஏறினார். தலைமைக் குமாஸ்தாவாகவே உட்கார்ந்தார். கார்டு அவர் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை நோக்கி நடந்தாள். கையில் பால் டின் நிறையக் கோப்பி, தூக்கிப் பிடிக்கச் சணல் கயிறு. டிரைவர் இஞ்ஞாசி குனிந்து வாங்கி, ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு ஸ்டேஷன் கதவையும் அதன் பக்கத்தில் நின்ற மருதப்பனையும் பார்த்தார்.

"போன ரெண்டு பூட்டவிட இது பெருசு லா, அண்ணே. நாளைக்கு வடையும் உண்டுல்ல?"