காந்தள் சிவக்கும் வரை

எழுபத்திரண்டாம் வருஷ ஏப்ரல் வெயில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓவியங்களைப் புதுப்பிக்கும் கூடத்தின் உயரமான சன்னலில் வழிகிறது. மேசைமேல் நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் ஓவியம். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு செங்காந்தள். மேல் இதழ்கள் நெருப்பாக எரிகின்றன, கீழ் இதழ்கள் மஞ்சள். பழைய வார்னிஷ்தான் மஞ்சளித்துவிட்டது, துடைத்தால் சிவப்பு வந்துவிடும் என்று வேதியியல் ஆய்வாளன் சந்திரமௌலி வார்னிஷைக் கரைக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை ஓவியத்தருகே கொண்டுபோகிறான். வேடிக்கை பார்க்க வந்த தாவரவியல் ஆய்வாளர் கனகவல்லி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "தொடாதீங்க மௌலி! காந்தள் மஞ்சளாத்தான் விரியும். நாளாக ஆகத்தான் சிவக்கும்!" "அப்ப ஒரே பூவுல ரெண்டு கலரும் எப்படி?" "இதை வரைஞ்ச மனுஷர் அவ்வளவு ஸ்லோ! கீழ வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள பூ சிவந்துபோச்சு. கண்ணால பார்க்கறதைத்தான் தீட்டுவேன்னு ஒரே அடம்!" பஞ்சிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்து ஆவியாகிறது. மௌலி பூதக்கண்ணாடியைக் கீழிருந்து மேலே நகர்த்துகிறான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. உச்சி இதழின் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கருகல். "ஐயோ கனகவல்லி, வாட ஆரம்பிச்சிடுச்சு!" என்று கத்தியேவிடுகிறான். மற்ற இதழ்களெல்லாம் கண்ணாடிபோல வழவழப்பு. அந்தக் கடைசி இதழில் மட்டும் தூரிகைத் தடம் தெரிகிறது, பூ வாடுமுன் முடிக்க அவசரமாக ஓடியிருக்கிறது.