வேறு யார் கை வைத்தது?

மெற்றில்டாவைக் கள்ளி என்று சொல்லிவிட்டார்கள். நேராக அல்ல. “இது உம்முடைய சொந்த வேலைதானா என்பதில் சந்தேகம் உண்டு” என்று, பல்கலைக்கழக முத்திரை குத்திய கடிதத்தில்.

காரணம் ஒரு திகதி.

இறுதி வருட ஆய்வறிக்கையை அவள் சீடியில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதிலிருந்த கோப்புகள் எல்லாம் 2004 மார்ச்சில் எழுதப்பட்டவை என்று காட்டின. நடப்பது 2008. 2004இல் மெற்றில்டா கொச்சிக்கடையில் பள்ளிக்கூடச் சீருடையோடு திரிந்தவள். ஆகவே யாரோ ஒரு சீனியரின் பழைய அறிக்கையைத் தன் பெயரில் கொடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, பட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த சீனியர் யார், அந்த அறிக்கை எங்கே, எடுத்துக் காட்டுங்கள் என்று துறைத் தலைவி மேடத்தின் அறையில் நின்று கேட்டேன். சிங்களப் பிள்ளை என்றால் இப்படிக் கடிதம் எழுதுவீர்களா என்றும் கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, எதுவானாலும் விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றார்.

குழு இரண்டு மாதத்தில் இரண்டு முறை கூடியது. இரண்டு முறையும் ஒரே கேள்வி: உம்முடைய லப்டொப்பில் வேறு யார் கை வைத்தது?

இரண்டு முறையும் ஒருவரும் இல்லை என்று மெற்றில்டா சொன்னாளாம். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லையாம்.

இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் சொல்வதுதானே உண்மையாகும் என்று அவளோடும் சண்டை பிடித்தேன்.

“விடடி. களைப்பா இருக்கு” என்றாள்.

நான் விடவில்லை. லப்டொப்பை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ராசிக் நானாவிடம் போனேன். அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். திறந்து, இரண்டு மூன்று இடம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இத யாராவது தூங்க வெச்சு எழுப்பி டெஸ்ட் பண்ணினாங்களா?”

நான்தான் என்று பெருமையாகவே சொன்னேன். அந்த லப்டொப்புக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மூடித் தூங்கவிட்டால் பிறகு திரை எழும்பாது. வேறு ஊரில் அது சின்னத் தொல்லை. இங்கே சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, போட்டுக் காட்டு என்று துவக்கோடு நிற்கும் ஆமிக்காரனிடம் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? மெற்றில்டா ஒருமுறை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றவள். அதனால்தான் அவள் அறிக்கை எழுதத் தொடங்குமுன் நான் அதை ஒரு கிழமை முழுக்க வாங்கிவைத்து, இணையத்தில் தேடித்தேடிப் படித்து, தூங்கவைப்பதும் எழுப்புவதுமாகக் கிடந்து திருத்தினேன்.

“எழும்புறப்ப எந்த இடத்துல சிக்கி விழுகுதுன்னு பார்க்கிற டெஸ்ட்தானே?” என்றார் நானா. “விழுந்த இடத்த அது எங்க குறிச்சுவைக்கும்? கரண்ட் நின்டாலும் அழியாத இடம் உள்ளுக்கு இருக்கிற மணிக்கூடு ஒண்டுதான். அதுலதான் எழுதும். எழுதினா திகதி தாறுமாறாப் போயிரும். இணையம் இருக்கிற வீடுன்னா தானாத் திருந்தும். அந்தப் புள்ளட வீட்டுல இணையம் இல்லையே. இணையத்துல இருக்கிற அந்த டெஸ்ட் குறிப்புட கடைசி வரில எச்சரிக்கை போட்டிருக்கே, பார்க்கல்லயா?”

பார்க்கவில்லை. திரை எழும்பியதும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

“அந்தப் புள்ளக்கிட்டயும் இதத்தானே சொன்னேன்” என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

“முதல் விசாரணைக்கு முந்தின நாள். வந்து கேட்டுட்டுத்தானே போனா.”

அடுத்த நாள் அந்த எச்சரிக்கையை அச்செடுத்துக்கொண்டு நானாகவே குழுவிடம் போனேன். கை வைத்தது நான் என்றேன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வெள்ளவத்தை விலாசம் எல்லாம் கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கணினிப் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் அதே சோதனையை அவர்கள் கண்முன்னால் செய்தார். திகதி ஏதோ ஒரு வருடத்துக்குப் பாய்ந்தது. மேடம் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பட்டம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ் தரிப்பில் மெற்றில்டா நின்றாள். கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“செலீன் எண்டு என்ர பேரை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ரெண்டு மாசத்துக்கு முந்தியே முடிஞ்சிருக்கும். அது என்ன பொலிசா? சும்மா விசாரணைதானே. என்னைக் கடிச்சா தின்னப்போகினம்? பார், நான் போய்ச் சொன்னனான், ஒண்டும் நடக்கேல்ல. தெரிஞ்சுகொண்டு ஏனடி பேசாம இருந்தனி?”

அவள் பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எங்கட ஹியூபேட் அண்ணாவைப் போன வருஷம் பொலிஸ் கொண்டுபோனதும் சும்மா விசாரணை எண்டுதான். உன்ர போனை வேற ஆர் பாவிச்சது எண்டு கேட்டவங்கள். கூட வேலை செய்யிற கிளெமென்ற் எண்டு அண்ணா உள்ளதைச் சொன்னவர். ரெண்டாம் நாள் அண்ணாவை விட்டிட்டாங்கள். அண்டைக்குக் கொண்டுபோன கிளெமென்ற் இன்னும் வரேல்ல.”