வாசலோடு நின்றவர்

"பத்து நாளு, பதினாலு கோயிலு. ஒண்ணுலயாச்சும் உள்ள காலெடுத்து வெச்சாருன்னா என் பேரையே மாத்திக்கறேன்!"

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறியதுமே ராமாயி ஆரம்பித்துவிட்டாள். அவள் வாயைத் திறந்தால் மலைப்பாதையின் எழுபது வளைவும் முடிந்துதான் மூடுவாள். பக்கத்து சீட்டில் வசமாகச் சிக்கியது, ரெண்டு வீடு தள்ளி இருக்கும் பானுமதி.

முன் சீட்டில் ராமாயியின் புருசன் அப்பாசாமி. பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரிதான். முப்பது வருசப் பழக்கம்.

"இலங்கை எப்படிக்கா இருந்துச்சு?"

"ஊருக்கு என்ன கொறை? மகன் அனுப்பி வெச்ச டூரு, சோத்துக்கும் பஞ்சமில்ல. இவருதான் மானத்தை வாங்கிட்டாரு. திருக்கோணமலையில கடலுக்கு மேல கோயிலு. முட்டி வலிங்கறாரு. மரவள்ளி மூட்டையத் தூக்கிட்டு மேடு ஏர்ற மனுசனுக்கு முட்டி வலியாம்!"

"அடடே!"

"நல்லூர்ல ஆம்பளைங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் உள்ள போகோணும். கூச்சமா இருக்குதுன்னுட்டாரு. காட்டுல வருசம் பூரா சட்டையில்லாமத் திரியறவருக்குக் கூச்சம்!"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரே சிரித்துவிட்டார்.

"புத்தர் கோயிலுக்கும் போனீங்களாக்கா?"

"போகாம? கண்டியில புத்தரோட பல்லு இருக்குது. பொட்டியத்தான் காட்டுனாங்க, அது போகட்டும். தேங்காயில்ல, அர்ச்சனையில்ல. பூவை வெச்சுட்டுக் கும்புட்டு வர வேண்டியதுதான். அதுக்கும் வராம வெளிய உக்காந்து செருப்புக்குக் காவலு. கூட வந்தவங்க 'செக்யூரிட்டி சார்'னே பேரு வெச்சுட்டாங்க. அனுராதபுரத்துல வெறும் அரசமரம் பானு! அதையாச்சும் சுத்தி வாங்கன்னேன். நம்மூர்ல இல்லாத அரசமரமான்னு கேக்கறாரு!"

பானுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராமாயி சிரிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"உனக்குச் சிரிப்பா இருக்குது. எனக்குப் பயமா இருக்குது. மக பூங்குழலிக்கு ஏழு வருசம் கழிச்சு இப்பத்தான் வயித்துல தங்கியிருக்குது. நல்லபடியாப் பெத்துப் பொழைக்கோணும்னு, போற கோயில்லயெல்லாம் வெளக்குப் போடறதா வேண்டிக்கிட்டேன். ஆத்தாளும் அப்பனும் சேந்து போட்டாத்தானே அது முழுசாகும்? நான் ஒத்தையாப் போட்டுட்டு வந்திருக்கேன். பெத்த மகளுக்காக அஞ்சு நிமிசம் உள்ள வந்தா இந்தக் கல்நெஞ்சுக்காரருக்கு என்ன கொறஞ்சு போயிரும்?"

"அதானே. ஒரு அப்பன் இப்படியா இருப்பாரு?"

முன் சீட்டுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னாள் பானுமதி.

அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். "வளைவு வருது, கம்பியைப் புடிச்சுக்க" என்றார் பெண்டாட்டியிடம். அவ்வளவுதான். மறுபடியும் ஜன்னல்.

"பாத்தியா பானு? இதான் பதிலு. இவரோட நான் என்னத்தைச் சொல்லி மாரடிக்க?"

பஸ் ஒருவழியாக மலையேறி வாழவந்தி நாட்டில் நின்றது. மூவரும் இறங்கினார்கள். ஸ்டாப்பில் அப்பாசாமியின் பங்காளி சின்னராசு நின்றிருந்தான். தலை பளபளவென்று மொட்டை.

"அட! எந்தச் சாமிக்குப்பா மொட்டை?" என்றாள் ராமாயி.

சின்னராசு முழித்தான்.

"என்னங்க அண்ணி இப்படிக் கேக்கறீங்க? நம்ம வெங்கிடுசாமி பெரியப்பன் போய்ச் சேந்துட்டாரே. தொண்ணூத்தாறு வயசு, கல்யாணச் சாவுதான். நேத்துத்தான் கருமாதி முடிஞ்சுது. நீங்க இலங்கையில எறங்குன அன்னைக்கே அண்ணனுக்குப் போன் போட்டனே! பங்காளித் தீட்டாச்சே, சேதி காதுல விழுந்துட்டா அப்புறம் கோயில் வாசப்படி மிதிக்கப்படாதே, போன டூரு வீணாப் போச்சேன்னு நானே சங்கடப்பட்டேன். அண்ணன் சொல்லலீங்களா?"

பானுமதி சட்டென்று குனிந்து தன் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

ராமாயி புருசனைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பத்து நாளாக அவரைத் திட்டின திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் மீறிக்கொண்டு ஒரு பயம்.

"ஏனுங்க... அப்ப நான் போட்ட வெளக்கெல்லாம்?"

அப்பாசாமி பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்குச் சேதி விழுந்தது என் காதுலதான். உன் காதுல இப்பத்தானே விழுகுது? மகளுக்கு ஒரு கொறையும் வராது, நட."